அக்கா உட்கார்ந்த பக்கம்

அவர் கதவு, ஜன்னல் செய்கிற தச்சர். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அரையங்குலம்" என்று கேட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கதவு நிலையில் இடிக்கிறதா? "அரை அங்குலம்தாங்க, இழைச்சுட்டா சரியாப் போயிடும்." ஜன்னல் மூட மாட்டேன் என்கிறதா? "அரை அங்குலம்தாங்க." ஒரு முறை அவர் செய்த அலமாரி மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அப்போதும் மனிதர் அதையேதான் சொன்னார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். அவர் அதற்காக யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை.

அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி உண்டு. முன்னால் ஒரே நீளச் சீட்டு. அதன் ஸ்பிரிங்குகள் எப்போதோ உயிரை விட்டுவிட்டன. தச்சர் வீட்டில் பலகைக்கா பஞ்சம்? ஒட்டுப்பலகையை அறுத்துச் சீட்டின் மேல் போட்டு, அதன் மேல் போர்வையை நாலாக மடித்து விரித்து, பன்னிரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு தடவை ஏறியவர்கள் மறுதடவை, "பரவாயில்லைங்க, காலாற நடந்தே வர்றேன்" என்பார்கள். அவர் மனைவியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் திடீரென்று வண்டிக்கு நல்ல சீட்டு போடப் போகிறேன் என்று கிளம்பினார் என்றால், அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முற்றிவிட்டது. எதிரில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தூரத்தில். இரண்டு முறை நாள் குறித்தாகிவிட்டது. முதல் முறை வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. அக்கா கதவைத் திறந்து, சீட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். இரண்டாம் முறை பஸ் நிறுத்தம் வரை வந்து, "தலை சுத்துதுடா" என்று திரும்பி நடந்தாள். டாக்டர் கடுப்பாகிவிட்டார். இந்தப் புதன்கிழமை வராவிட்டால் இனி ஆபரேஷன் செய்தாலும் பார்வை வருமா என்று சொல்ல முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

தலை சுற்றலாவது ஒன்றாவது. அரையங்குலத்துக்கு விஷயம் தெரியும். அத்தான் போய்ப் பத்து மாதமாகிறது. அன்றைக்கு நெஞ்சு வலியோடு காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அத்தானேதான். மூன்று நாளாக வலியை மறைத்திருக்கிறார் என்பது அக்காவுக்கு வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு நிமிஷம் விடாமல் திட்டித் தீர்த்திருக்கிறாள். சாயங்காலம் அத்தான் இல்லை. "திட்டிக்கிட்டே கொண்டுபோய் விட்டேன்டா" என்று அக்கா தம்பியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, எந்த வண்டியிலும் ஏறவும் இல்லை.

ஆனால் அத்தானின் கார் மட்டும் கணக்கில் சேராது. ஷெட்டில் ஓடாமல் நின்ற அந்தக் காரில், மத்தியான வேளைகளில் அக்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்வாள். கண் தெரியாவிட்டாலும் கை பழகியிருந்தது. தம்பி இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வந்துவிட்டார்.

மழையில் தண்ணீர் புகுந்து அந்தக் காரின் எஞ்சின் செத்துப்போனது. மெக்கானிக் கையை விரித்தார். வெளியூரிலிருக்கும் அக்கா மகன், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடச் சொன்னான். அக்கா மறுபேச்சு பேசாமல், "சரி, எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட நிமிஷத்தில்தான் அரையங்குலத்துக்கு அந்த யோசனை தோன்றியது.

"அக்கா, அந்த முன்சீட்டு ரெண்டையும் நான் எடுத்துக்கவா?"

"அது எதுக்குடா உனக்கு? இருபத்தி மூணு வருஷத்துக் கிழிசல்."

"என் வண்டியில பலகை மேல உக்காந்து உக்காந்து எனக்கே காய்ச்சுப்போச்சு."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. பின்னாடி உக்காந்தே வந்தவன், இப்பவாவது முன்னாடி உக்காரு."

அது உண்மைதான். சொந்தமாகத் தொழில் தொடங்கிய புதிதில் அவருக்கு ஏது வண்டி? ஜன்னல் சட்டங்களைக் காரின் தலையில் கட்டி, வேலை நடக்கிற வீட்டுக்கு அத்தான்தான் கொண்டுபோய் விடுவார். அத்தான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். காலையில் அக்காவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். ஆக, முன்னால் அவர்கள் இருவர், பின்னால் நடுவில் இவர், மடியில் உளிப் பை. அந்த அரை மணி நேரத்துக்குள் அவர்கள் போடாத சண்டை கிடையாது. கண்ணாடியை ஏற்று, இறக்கு. அந்தச் சந்தில் போயிருக்கலாம், இந்தச் சந்தில் வந்திருக்கவே கூடாது. நேற்று உங்கள் சித்தப்பா போனில் என்னை என்ன சொன்னார். அத்தான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே வருவார். வீட்டு வாசலிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டால் அத்தான் பதறவே மாட்டார். சாவியை ஆட்டிக்கொண்டு, "திட்டறதா இருந்தா வண்டியில ஏறித் திட்டு. வழியில பொழுது போகும்" என்பார். அக்காவும் ஏறிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

பின்னால் இருந்தவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. முன்னால் ரோடு தெரியாது. "ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி உக்காரக் கூடாதா?" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கையில் வேலை இருந்தது, தலைக்கு மேலே கட்டிய சட்டங்கள் காற்றில் கிரீச்சிட்டன, முன்னால் இரண்டு பெரியவர்கள் தனக்காகவே வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்கிற தைரியம் இருந்தது. அந்த மாதிரி ஒரு தைரியம் அதற்குப் பிறகு அவருக்கு வாய்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட்டு ஊறவைத்து, துருப்பிடித்த எட்டு போல்ட்டுகளையும் கழற்றினார். சீட்டுக்கு அடியில் ஒரு சீப்பு, இரண்டு கொண்டை ஊசி, மூடியில்லாத பேனா கிடந்தன. துடைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். மெத்தையை அமுக்கிப் பார்த்தார். ஓட்டுகிறவர் சீட்டில் இடது ஓரம் அமுங்கியிருந்தது. பக்கத்துச் சீட்டில் வலது ஓரம். சீட்டு தைக்கிறவர், "பஞ்சை மாத்தி மட்டமாக்கித் தந்துடறேன், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். அரையங்குலம் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா கையால் தடவிப் பார்த்தால் அவளுடைய சீட்டாகவே தெரிய வேண்டும், அதுதானே காரியமே.

கார் சீட்டு பிக்கப்பில் அப்படியே உட்காராது. சீட்டின் துளைகள் ஓரிடத்தில், தரையின் துளைகள் வேறிடத்தில். போதாததற்குப் பிக்கப்பின் தரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. ஓட்டுகிற பக்கம் ஒரு மேடு. நடுவில் இரும்புத் தாங்கி செய்து வைக்க வேண்டும். அதற்கு அளவு எடுக்க அரையங்குலத்துக்குச் சொல்லியா தர வேண்டும்? தரைக்கு அட்டையை மேலிருந்து விரித்துக் குறித்தார். சீட்டுகளைத் தன் வேலை மேஜையில் குப்புறக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் அட்டையை வைத்து வரைந்தார். மேஜை, பெட்டி எதுவானாலும் தச்சர்கள் முகத்தைக் கீழே வைத்து முதுகில்தான் அளவெடுப்பார்கள். பிறகு அட்டையைத் திருப்பி, முகப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சுழி போடுவார்கள். சுழி மேலே பார்க்க வேண்டும். அவரும் மறக்காமல் சுழி போட்டார். போட்டு, அட்டைகளைக் கட்டி வெல்டிங்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாங்கிகள் வந்தன. தரையில் அச்சாகப் பொருந்தின. சீட்டைத் தூக்கி வைத்தால் ஒரு துளையும் சேரவில்லை. இழைத்துச் சரிசெய்கிற அரை அங்குலம் இல்லை இது. முழுசாக மாறிக் கிடந்தது. வெல்டிங்காரருக்குப் போன் போட்டார்.

"யோவ், சுழி போட்ட பக்கம் மேல வெச்சுத்தானே வெட்டின?"

"சுழியா? பென்சில் எழுதுதான்னு நீ கிறுக்கிப் பார்த்திருக்கன்னு நெனச்சேன். கீழ வெச்சுட்டேன் போல."

"அது முகம்யா! முகம் மேல பார்க்கணும்னு தெரியாதா?"

"இரும்புக்கு ஏதுய்யா முகமும் முதுகும்? நான் மச்சினன் வீட்டுக்கு பஸ்ல போய்க்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை வந்து வெட்டி ஒட்டித் தர்றேன், விடு."

வெள்ளிக்கிழமையாம். விடிந்தால் புதன். அரையங்குலம் பிக்கப்பின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சும்மா பார்ப்போமே என்று அக்காவின் சீட்டைத் தூக்கி ஓட்டுகிற பக்கம் வைத்தார். நான்கு துளையும் கச்சிதமாகச் சேர்ந்தன. அத்தானின் சீட்டை இந்தப் பக்கம் வைத்தார். அதுவும் சேர்ந்தது. அட்டை தலைகீழானதால் வலது இடதாகி, இடது வலதாகியிருந்தது. கார் சீட்டு இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம்தானே.

வேறு வழியில்லை, அப்படியே போல்ட்டுகளை முடுக்கிவிட்டார். பழக்கதோஷத்தில் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். தாங்கி மட்டமாக இருந்தது. சீட்டின் மேல் வைத்தால் குமிழி ஓடியது. இரண்டு சீட்டும் வெளிப்பக்கம், கதவுகளைப் பார்த்து, சரியாக அரை அங்குலம் சாய்ந்திருந்தன. பழைய பஞ்சு, அப்படித்தான் இருக்கும் என்று ரசமட்டத்தைப் பையில் போட்டார்.

மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மாறியில்ல இருக்கு?"

"ரெண்டும் ஒரே துணி, ஒரே நிறம். அக்காவுக்கு என்ன தெரியப்போகுது? கண்ணு சுத்தமாத் தெரியலையே."

"அண்ணிக்குக் கண்ணு மட்டும்தாங்க தெரியலை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு வண்டி அக்கா வீட்டு வாசலில் நின்றது. அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, பையோடு தயாராக இருந்தாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது. "பலகையில உக்கார வெச்சு இடுப்பை ஒடிக்கப் போறியா?" என்றாள்.

"ஏறிப் பாரு, அக்கா. உன் சீட்டுதான்."

அக்கா படியில் நின்றாள். கையை நீட்டிச் சீட்டின் மேல் வைத்தாள். விரல்கள் துணியில் நகர்ந்தன. அவள் முகம் இளகியதைப் பார்த்து அரையங்குலத்துக்கு மூச்சு வந்தது. மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சாய்மானத்தின் மேல்பக்கம் தடவினாள், தலை வைக்கிற இடத்தைத் தடவினாள். சட்டென்று இறங்கிவிட்டாள்.

"இது அவர் சீட்டுடா."

"அக்கா..."

"தலையெண்ணெய் பட்டுப் பட்டு அந்த இடமே வழவழன்னு கிடக்கு. எனக்குத் தெரியாதா? என் சீட்டுன்னு பொய் சொல்லி ஏத்தப் பார்த்தியா?"

"பொய் இல்லக்கா, தப்பு நடந்துபோச்சு. அட்டையைத் திருப்பி வெச்சு வெட்டிட்டான் அந்த வெல்டிங் பாவி, வெள்ளிக்கிழமைதான் வந்து சரிபண்ணுவானாம். உன்னுது என் பக்கம் வந்துடுச்சு, அத்தானுது உன் பக்கம் வந்துடுச்சு. வேணும்னு செய்யலை."

"ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுமாடா உனக்கு? முப்பது வருஷமா உளி பிடிக்கற, வலது எது இடது எதுன்னு தெரியலை. அவர் உக்காந்த இடத்துல போய் என்னை உக்காரச் சொல்றியே, எப்படிடா உக்காருவேன்? நான் வரலை. கண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். இன்றைக்கு விட்டால் அக்கா காலம் முழுக்க இருட்டில்தான். அரையங்குலத்தின் கையிலிருந்த சாவிக் கொத்து தானாக ஆடியது. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னார்.

"திட்டறதா இருந்தா வண்டியில ஏறித் திட்டு. வழியில பொழுது போகும்."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவருக்கே உறைத்தது. அக்கா அப்படியே நின்றாள். திரும்பி வந்தாள். படியைக் காலால் துழாவி ஏறி உட்கார்ந்து, கதவை ஓங்கிச் சாத்தினாள்.

ஊர் தாண்டும் வரை பேச்சில்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பெட்ரோல் பங்க் தாண்டியதும் அக்கா வாயைத் திறந்தாள்.

"என்னடா இது, கதவுப் பக்கமே சரிஞ்சுக்கிட்டுப் போகுது?"

"எனக்கும்தான்க்கா. எனக்கு இந்தக் கதவுப் பக்கம். யாராவது பார்த்தா, ரெண்டு பேரும் சண்டை போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாங்கன்னு நெனைப்பாங்க."

அக்கா சிரிக்கவில்லை. ஏதோ யோசிக்கிற மாதிரி இருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவர் எஞ்சினை அணைத்தார். முன்னால் ஒரு லாரி. அதன் பின்னால் இவர்கள். அக்கா கையை நீட்டி, தம்பி உட்கார்ந்திருந்த சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைத் தடவினாள். கணக்கு டீச்சராக முப்பது வருஷம் நின்றவள். ஒன்றைப் பிடித்தால் முடிக்காமல் விட மாட்டாள்.

"இந்தச் சீட்டு அங்கே, அதோட இடத்துல இருந்தா எந்தப் பக்கம் சாயும்?"

"இதே பக்கம்தான். இடது பக்கம்."

"இடது பக்கம்னா?"

"உன்... உன் பக்கம்க்கா."

"நீ உக்காந்திருக்கற என்னோடது இங்கே இருந்தா?"

பின்சீட்டின் நடுவில், மடியில் உளிப் பையோடு, முன்னால் ரோடு தெரியாமல் அவர் உட்கார்ந்திருந்த காலை நேரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கண் முன்னால் வந்தன. இரண்டு தோளும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்த அந்த ரோடு.

"அத்தான் பக்கம்" என்றார்.

அக்கா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பழைய சீட்டு. பஞ்சு எப்படியோ போயிருக்கும்."

"பஞ்சு சும்மா போகாதுக்கா. வாசப்படி தேயறதைப் பார்த்திருக்கியே, கால் படற இடம்தானே தேயும்? வரும்போது ரெண்டும் மட்டமா வந்த சீட்டுதான். நீங்க ரெண்டு பேரும் சாஞ்சு உக்காந்த தடம்தான் அது. இருபத்தி மூணு வருஷம்."

தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. வந்து, வண்டி முழுக்க அதிர, கடந்து போனது. அதுவரை அக்கா எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு லாரியும் தெரியாது, ரயிலும் தெரியாது.

"அன்னைக்கு அவ்வளவு திட்டினேனே" என்றாள், மெல்ல. "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஓட்டினார். நான் வாயை மூடலை. அப்பவும் அந்த மனுஷன் என் பக்கம்தான் சாஞ்சிருந்தாரா?"

அரையங்குலத்தின் வாயில் வந்தது, வாழ்நாள் முழுக்க ஒன்றுமில்லை என்று சமாளிப்பதற்காகவே சொல்லி வந்த வார்த்தை. இன்றைக்கு அது வேறு கனமாக இருந்தது.

"அரை அங்குலம், அக்கா. ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன். முழுசா அரை அங்குலம்."

அக்கா அழுதாள். பத்து மாதத்தில் அவள் அழுது அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்காராமல், சீட்டு இழுக்கிற பக்கமே உடம்பை விட்டுச் சாய்ந்துகொண்டாள். கேட் திறந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"எடுடா வண்டியை. அந்த டாக்டர் வேற கத்துவார்" என்றாள். வண்டி தண்டவாளத்தைத் தாண்டி இறங்கியதும் மறுபடி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்ததும் முதல் வேலையா சீட்டை மாத்திப் போட்டுடு. கண்ணுக் கட்டுப் பிரிச்சு வரும்போது நான் என் சீட்டுல, என் பக்கத்துல உக்காந்துக்கறேன்."